மடியில் பழைய ஹார்ட் டிஸ்க்

குருமார்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்த காலம் போய்விட்டது. இந்தக் கதையின் குரு திருச்சி பாலக்கரையில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில், லேப்டாப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தான். பெயர் யாகூப்.

குருவைப் போய் 'அவன்' என்று சொல்லலாமா என்று கேட்காதீர்கள். சிஷ்யைக்கு வயது ஐம்பத்து மூன்று. யாகூப்புக்கு முப்பத்தைந்துகூட ஆகவில்லை. அவள் அவனைத் தம்பி என்றாள், அவன் அவளை அக்கா என்றான். நாமும் அந்தக் கடை வழக்கப்படியே போவோம்.

சிஷ்யையின் பெயர் வேதவல்லி. அந்தப் பெயர் ரேஷன் கார்டோடு சரி. பால் பூத்தில், கோயிலில், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவனிடம், எல்லோரிடத்திலும் அவள் 'பிரசன்னா அம்மா'. வீட்டுக்காரர்கூட, "பிரசன்னா அம்மா, மூக்குக் கண்ணாடி எங்கே?" என்றுதான் கேட்பார்.

பிரசன்னா ஒரே பிள்ளை. படிப்பு முடிந்ததும் அமெரிக்கா போய்விட்டான். போகும்போது கல்லூரியில் வைத்திருந்த லேப்டாப்பை விட்டுவிட்டுப் போனான். "கனம்மா. அங்கே போய் வேற வாங்கிக்கறேன்" என்றான். அன்றிலிருந்து அது அவனுடைய அறையில், அவனுடைய மேசை மேலேயே இருந்தது.

தினமும் காலையில் வேதவல்லி அதைப் போட்டுவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவாள். உள்ளே டிஸ்க் சுற்ற ஆரம்பித்து 'கிர்ர்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் அவளுக்கு அறையில் ஆள் இருக்கிற மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்தில் திரையில் அவன் போட்டோ வரும், ஹாஸ்டல் மொட்டை மாடியில் கண்ணை மறைக்கிற முடியோடு. கீழே 'பிரசன்னா' என்று பெயர். அதற்கும் பின்னால் அவன் கேட்டு, அப்பா வாங்கித் தராத சிவப்பு பைக்கின் படம். ஓரத்தில் ஒரு ஃபோல்டர். அதற்கு அவன் வைத்த பெயர் 'அம்மா இதைத் தொடாதே'.

இத்தனை வருஷத்தில் அவள் அதைத் தொட்டதில்லை. ஆயுத பூஜைக்கு மட்டும் லேப்டாப்பின் மூடியில் சந்தனமும் குங்குமமும் வைப்பாள்.

அந்த லேப்டாப்பில் ஒருநாள் ஃபேன் இரைச்சல் போட்டது. யாகூப் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். விட்டுவிட்டுப் போகச் சொன்னான். விட்டுப் போக மனமில்லை, எதிரிலேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அவன் கழற்றிய திருகாணிகளை ஒரு மூடியில் வரிசையாக அடுக்கித் தந்தாள். மறுநாளும் வந்தாள், இந்த முறை கையில் லேப்டாப் இல்லை. "சும்மா பார்க்கத்தான் தம்பி" என்றாள். அப்படியே மத்தியானங்களில் வந்து வந்து தொழில் படிந்துவிட்டது.

யாகூப் வாயால் சொல்லிக் கொடுக்கிற ஆள் இல்லை. "பாய், இது எப்படிப்பா இவ்வளவு சூடாகுது?" என்று கேட்ட ஒரு வக்கீலின் உள்ளங்கையில், ஃபேனிலிருந்து எடுத்த தூசியை அப்படியே உருட்டி வைத்தான். வக்கீல் அதைப் பார்த்தபடியே படியிறங்கிப் போனார். வேதவல்லிக்கு அந்தப் பாணி பிடித்துப்போயிற்று. ஆறு மாதத்தில் ஊரார் லேப்டாப்பையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே இருப்பதைத் துடைத்துவிட்டு, அதை இயக்குகிற ஓ.எஸ்.ஸைப் புதிதாகப் போடுகிற அளவுக்கு வந்துவிட்டாள்.

சொந்த லேப்டாப் என்று வந்தபோதுதான் கை ஓடவில்லை.

விஷயம் இதுதான். வேதவல்லி தமிழ் பி.லிட். படித்தவள். கல்யாணம், பிள்ளை என்று போனதில் ஒருநாள்கூட வகுப்பறையில் நின்றதில்லை. இப்போது கோயிலில் பழக்கமான ஒருத்தியின் மூலம் துபாயில் ஒரு குடும்பம் கிடைத்தது. அவர்களுடைய சின்னப் பெண் இனியாவுக்கு வீடியோவில் தமிழ் சொல்லித் தர வேண்டும். நன்றாகப் போனால் அந்தக் கட்டடத்தில் இருக்கிற மற்றப் பிள்ளைகளும் சேருவார்கள் என்றார்கள்.

முதல் சனிக்கிழமை வகுப்பு நாசமாகப் போயிற்று. 'ஆ' சொல்லிக் கொடுக்க வாயைத் திறந்தாள். லேப்டாப் அப்படியே உறைந்து நின்றுவிட்டது.

"பிரசன்னா டீச்சர், உங்க வாய் திறந்தபடியே நிக்குது" என்றாள் இனியா. திரையில் அந்தப் பெயர்தானே இருந்தது.

குழந்தையின் அம்மா நல்லவள். "அடுத்த சனிக்கிழமை இன்னொரு தடவை பார்க்கலாம் டீச்சர். அன்னிக்கும் இப்படின்னா வேற யாரையாவது பார்த்துக்கறோம், தப்பா நினைச்சுக்காதீங்க" என்றாள்.

வேதவல்லி தப்பாக நினைக்கவில்லை. ஆனால் 'டீச்சர்' என்று ஒருத்தி கூப்பிட்டுவிட்டாள். பிள்ளை பெற்றவளுக்கு அம்மா என்ற பெயர் தானாக வந்துவிடும். இந்தப் பெயருக்காக அவள் எவ்வளவு காலம் காத்திருந்தாள் என்பது அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அதை விட்டுவிட அவளுக்கு மனமே இல்லை.

வியாழக்கிழமை லேப்டாப்பைக் கடைக்குக் கொண்டுவந்தாள். யாகூப் காதை வைத்துக் கேட்டான்.

"டிஸ்க்குக்கு வயசாயிடுச்சுக்கா. சுத்தாத புது டிஸ்க், எஸ்.எஸ்.டி. ஒண்ணு மாட்டி, ஓ.எஸ். புதுசா போட்டுடுங்க."

"நானா?"

"உங்க லேப்டாப்தானே?"

"பிரசன்னாவோடது" என்றாள்.

யாகூப் லேப்டாப்பின் மூடியைத் துடைத்தான். சந்தனக் கறை பக்கம் துணி போகவில்லை.

"அப்படியே நகல் எடுத்து புதுசுல இறக்கிட முடியாதா தம்பி?"

"முடியும். அதோட நோவும் சேர்ந்து வரும்."

"படம், பாட்டு, அவன் ஃபைல் எல்லாம்?"

"வேற டிஸ்க்ல எடுத்து வச்சுடறேன். எதுவும் போகாது."

"சாமானெல்லாம் வந்துடும். வீடு வருமா?"

யாகூப் லேப்டாப்பைப் பக்கவாட்டில் திருப்பி, சி.டி. தட்டை விரலால் தட்டினான்.

"சி.டி. போடுற இடம் சும்மாதானே கிடக்கு. பழைய டிஸ்க்கை அதுக்குள்ள மாட்டிக்கலாம். எல்லாம் அப்படியே அதுல இருக்கட்டும். ஆனா அது கடைசியில. மொதல்ல பழசைக் கழட்டி மேசை மேல வைங்க. புதுசு தனியா எந்திரிக்கட்டும். அப்புறம் பழசு."

கடையில் எல்லோருடைய லேப்டாப்புக்கும் இதுதான் வழக்கம். அவளும் ஒரு கேள்வி கேட்காமல் அப்படித்தான் செய்துவந்திருக்கிறாள். இன்றைக்குக் கேட்டாள்.

"கடைசியில மாட்டப்போறதை எதுக்குத் தம்பி கழட்டணும்?"

யாகூப் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அவள் பக்கமாக நகர்த்தி வைத்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் தொழுகைக்குப் போயிருந்தான். கடையில் வேதவல்லி தனியாக இருந்தாள். பின்மூடியைத் திறந்து பழைய டிஸ்க்கை உருவினாள். யாகூப் காலையெல்லாம் அதிலிருந்து நகல் எடுத்திருந்ததில் அது இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. மேசையில் வைக்கப் போனவளுக்கு யாகூப் எப்போதோ யாரிடமோ சொன்னது ஞாபகம் வந்துவிட்டது. 'இந்த மாதிரி பழைய டிஸ்க் ஒரு தடவை நின்னா, சில சமயம் மறுபடி சுத்தாது.'

கை மேசைக்குப் போகாமல் நின்றது.

புதிதை அதன் இடத்தில் மாட்டினாள். பழையதைச் சூடு ஆறுவதற்குள் சி.டி. இடத்தில் செருகினாள். ஓரமாகத்தானே இருக்கப்போகிறது, யாரை என்ன செய்துவிடும் என்று நினைத்துக்கொண்டாள். பென்டிரைவைச் சொருகி ஓ.எஸ். போட்டாள். எந்த டிஸ்க்கில் என்று கேட்டபோது கவனமாகப் புதிதைத்தான் காட்டினாள். உபயோகிப்பவர் பெயர் என்ன என்று கேட்டது. யோசிக்காமல் 'பிரசன்னா' என்று அடித்தாள். பள்ளிக்கூட விண்ணப்பத்திலிருந்து அவள் கை அதைத்தான் எழுதிப் பழகியிருந்தது.

லேப்டாப் எழுந்தது. பொத்தானிலிருந்து விரலை எடுப்பதற்குள் எழுந்துவிட்டது. முன்பெல்லாம் அதைப் போட்டுவிட்டு, சாதம் வடித்து, ரசம் கூட்டி, துணி காயப்போட்டுவிட்டு வருவாள். இப்போது அதற்கெல்லாம் நேரமே இல்லை என்பது கொஞ்சம் சங்கடமாகக்கூட இருந்தது. ஓரத்திலிருந்து மெல்லியதாக 'கிர்ர்' என்று கேட்டது. அதைக் கேட்டதும் மனசு நிறைந்துவிட்டது.

யாகூப் வந்தான். திரையைப் பார்த்தான். பெயரைப் பார்த்தான்.

"பழசைக் கழட்டிட்டுத்தானே போட்டீங்க?"

"ம்" என்றாள், முந்தானையைச் சரிசெய்துகொண்டே.

"சரி" என்றான் யாகூப்.

சனிக்கிழமை மத்தியானம் வேதவல்லி தலைக்குக் குளித்து, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு மேசை முன் உட்கார்ந்தாள். வகுப்புக்கு இன்னும் நேரம் இருந்தது. பொத்தானை அமுக்கினாள். ஓரத்திலிருந்து 'கிர்ர்' வரவில்லை. 'கட்... கட்...' என்று வந்தது. திரை கறுப்பாக இருந்தது. நடுவில் இரண்டு வரி இங்கிலீஷ், எழுப்புவதற்கு எதுவும் அகப்படவில்லை என்று.

அவள் கை தானாகப் போனைத் தேடிற்று. லேப்டாப் மக்கர் செய்தால் பிரசன்னாவைக் கூப்பிடுவது வழக்கம். மிக்ஸி மக்கர் செய்தாலும் அவனைத்தான் கூப்பிடுவாள். பழுதுபார்க்கக் கற்றுக்கொண்ட பிறகும் அந்த வழக்கம் போகவில்லை.

"ரீஸ்டார்ட் பண்ணும்மா" என்றான் பிரசன்னா. எல்லா நோய்க்கும் அவனிடம் அந்த ஒரு மருந்துதான்.

"பண்ணிட்டேன்டா."

"அம்மா, இங்கே நடு ராத்திரிம்மா. இப்பத்தான் கண்ணசந்தேன்." கொட்டாவி விட்டான். "இன்னுமா அதைக் கட்டிக்கிட்டு அழறே? தூக்கிக் குப்பையில போடு. நான் புதுசு ஒண்ணு வாங்கி அனுப்பறேன்."

பிரியமாகத்தான் சொன்னான். கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"நீ தூங்குடா கண்ணா" என்று வைத்துவிட்டாள்.

ஆட்டோ பிடித்துப் பாலக்கரை போய்ச் சேர்வதற்குள் அவள் கும்பிடாத சாமி இல்லை. மூச்சு வாங்க மாடியேறி லேப்டாப்பை மேசை மேல் வைத்தாள்.

"தம்பி, புதுசு செத்துப்போச்சு. வகுப்பு இருக்கு. இன்னிக்கு விட்டா அவ்வளவுதான்."

யாகூப் போட்டுப் பார்த்தான். கட் கட் என்றது. இன்னொரு தடவை போட்டான். மூன்றாவது தடவை பழைய டிஸ்க் எப்படியோ முக்கி முனகிச் சுற்ற ஆரம்பித்தது. உடனே திரை பளிச்சென்று வந்துவிட்டது.

"அப்பாடா" என்றாள் வேதவல்லி.

யாகூப் லேப்டாப்பை அணைத்தான். பழைய டிஸ்க்கை வெளியே உருவினான்.

"போடுங்கக்கா."

போட்டாள். கறுப்பு. அதே இரண்டு வரி.

பழையதை மறுபடி செருகினான். இந்தத் தடவை அது உடனே சுற்றியது, திரையும் வந்தது. திரும்ப அணைத்து உருவினான். கறுப்பு.

"எஸ்.எஸ்.டி.யில கோளாறா தம்பி?"

"அதுல ஒரு கோளாறும் இல்லை. ஓ.எஸ். பூரா அதுலதான் இருக்கு."

"அப்புறம் ஏன் எந்திரிக்க மாட்டேங்குது?"

"நீங்க போடுறப்போ பழசு உள்ள இருந்திருக்கு. எழுப்பி விடுற வேலையை மட்டும் ஓ.எஸ். அதுக்கிட்டயே விட்டுடுச்சு. இப்போ ஒவ்வொரு தடவையும் அது முழிச்சு இதை எழுப்பணும். அதுக்கு முடியலன்னா இதுவும் படுத்துடும்."

வேதவல்லி ஸ்டூலில் உட்கார்ந்தாள். நேற்றுச் சொன்ன பொய் இரண்டு பேருக்கும் நடுவில் மேசை மேல் கிடந்தது.

"அது நின்னுடுமோன்னு பயமா இருந்துச்சு" என்றாள் கடைசியில்.

யாகூப் தலையை ஆட்டினான்.

"நீங்களே போட்டுக் குடுத்துடுங்களேன் தம்பி. நான் மறுபடி கெடுத்துடுவேன்."

ஸ்க்ரூ டிரைவர் மறுபடியும் அவள் பக்கம் நகர்ந்து வந்தது. கூடவே பென்டிரைவும் வந்தது.

பழைய டிஸ்க் மேசை மேல் இருந்தது. மேசையின் இரும்புத் தகடு ஜில்லென்று இருக்கும் என்று அவளுக்குத் தோன்றிற்று. எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். புடவை வழியாக அதன் சூடு தெரிந்தது. அப்படியே வேலையை ஆரம்பித்தாள்.

புது டிஸ்க்கை முழுக்கத் துடைத்தாள். ஓ.எஸ். இறங்க ஆரம்பித்தது. சத்தமே இல்லை. கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடுவது கேட்டது. யாகூப் வேறு ஒரு லேப்டாப்பின் கீபோர்டைப் பிரித்துவைத்துக்கொண்டு அதில் மூழ்கிவிட்டான், அல்லது மூழ்கிய மாதிரி இருந்தான்.

மடியில் சூடு குறைந்துகொண்டே வந்தது. ஜுரத்தில் கிடந்த பிரசன்னா விடிகாலையில் வேர்த்து, உடம்பு ஆறி, அவள் மடியிலேயே தூங்கிப்போன நாட்கள் ஞாபகம் வந்தன. அப்போதெல்லாம் கால் மரத்துப்போனாலும் அசைய மாட்டாள். அசைந்தால் அவன் விழித்துவிடுவான்.

திரை கேட்டது, உபயோகிப்பவர் பெயர்?

விரல் தானாக 'பி' எழுத்துக்குப் போயிற்று. அங்கேயே நின்றது. கட்டத்துக்குள் சின்னக் கோடு ஒன்று அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தது. அதற்கு ஓர் அவசரமும் இல்லை. அவள் மடியைப் பார்த்தாள், யாகூப்பைப் பார்த்தாள். அவன் நிமிரவில்லை.

'வேதவல்லி' என்று அடித்தாள்.

நல்வரவு, வேதவல்லி என்றது திரை. அந்தப் பெயரைச் சொல்லி அவளை யாராவது வரவேற்று எத்தனையோ காலம் ஆகியிருந்தது. யாரோ எங்கேயோ எழுதிவைத்ததை இயந்திரம் சொல்கிறது என்று தெரிந்தும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வீட்டுக்குத் திரும்ப நேரமில்லை. யாகூப் மேசையில் கிடந்த மதர்போர்டுகளை ஒதுக்கித் தள்ளி, பின்னால் இருந்த டியூப் லைட்டைப் போட்டுவிட்டான். வேதவல்லி அங்கேயே வகுப்பை ஆரம்பித்தாள்.

"டீச்சர், உங்க பின்னாடி எவ்வளவு கம்ப்யூட்டர்!" என்றது துபாய்.

"இது நான் படிக்கிற பள்ளிக்கூடம் கண்ணு" என்றாள் வேதவல்லி.

"நீங்களும் படிக்கிறீங்களா?"

"ஆமா. போன வாரம் எங்கே விட்டோம்? வாயைத் திற பார்க்கலாம். ஆ..."

இந்தத் தடவை வாய் திறந்து, சரியாக மூடியது. ஆடு வந்தது, ஆமை வந்தது, ஆலமரம் வந்தது. இனியா ஆமைக்கு முதுகில் ஒரு வீடு வரைந்து கேமராவில் காட்டினாள். அவளுக்கு 'ஆமை'யை எழுத வந்துவிட்டது. முடிகிற நேரத்தில் குழந்தை திரையில் இங்கிலீஷில் இருந்த பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் படித்தது. பிறகு உள்ளே திரும்பிக் கத்தியது.

"அம்மா, அடுத்த வாரமும் வேதவல்லி டீச்சர்தானே?"

"ஆமாடா, அவங்கதான். பக்கத்து வீட்டு ரெண்டு பேரும் வரேன்னாங்கன்னு டீச்சர்கிட்ட சொல்லு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

வகுப்பு முடிந்தது. வேதவல்லி கேமராவை அணைத்தாள். இதை உடனே பிரசன்னாவிடம் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தாள். அங்கே இன்னும் விடிந்திருக்காது. போனை மேசை மேல் வைத்துவிட்டாள்.

மடியில் இருந்த டிஸ்க் முழுதும் ஆறிப்போயிருந்தது. அதை இரண்டு கையாலும் எடுத்தாள்.

"தம்பி, இதை இப்போ உள்ள மாட்டலாமா?"

"தாராளமா."

"மறுபடி சுத்தலைன்னா?"

யாகூப் கீபோர்டிலிருந்து தலையை நிமிர்த்தினான். அவள் கையில் இருந்ததைப் பார்த்தான். சி.டி. இடத்தின் மூடியை அவனே திறந்து பிடித்துக்கொண்டான்.

"மாட்டுங்கக்கா. இனிமே அது தூங்கினா தூங்கட்டும்."